திரியாசான்

நாஞ்சில் நாட்டில் ஊருக்கொரு வர்ம ஆசான் இருந்த காலம் போய்விட்டது. திரியாசான் மட்டும் இன்னும் போகவில்லை. பால்காய்ச்சு வீடு, கல்யாண மண்டபம், கோயில் கொடை, பதினாறாம் நாள் அடியந்திரம் என்று விளக்கு ஏற்றிய இடத்திலெல்லாம் அவர் ஆஜர். வயது அறுபதுக்கு மேல். தோளில் துவர்த்து, சட்டைப்பையில் கண்ணாடி. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவராக இருந்தால் இன்னும் விசேஷம். முப்பது வருஷம் பல்பு எரிய வைத்த அலுப்பு தீர மிச்ச ஆயுளைத் திரிக்கு எழுதி வைத்திருப்பார்.

வாசலில் சந்தனம் தொட்டுக்கொண்டு நேரே குத்துவிளக்கின் முன்னால் போய் நிற்பார். கும்பிடுகிறார் என்று நினைத்து வீட்டுக்காரரும் கை கூப்புவார். இவரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து திரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"எந்த எண்ணெ வேய்?"

"பாக்கெட்டு தீப எண்ணெ அண்ணாச்சி."

"அதான் கேட்டேன்."

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை வராது. பேங்கில் கடன் வாங்கி, பளிங்கு பதித்து, மாடியில் தோட்டமும் வைத்த வீட்டுக்காரருக்குப் பால் பொங்குவதற்குள் மனசு பொங்கி அணைந்துவிடும்.

சுடர் நன்றாக எரிகிறதா என்பது ஆசானுக்குப் பொருட்டில்லை. நுனி கருத்து, கரிமொட்டு கட்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கான விளக்கம் பந்தியில் கிடைக்கும். எரிசேரிக்கும் புளிசேரிக்கும் நடுவில் பக்கத்து இலைக்காரர் மாட்டிக்கொள்வார்.

"திரி எரியப்பிடாது கேட்டேரா? எரியது எண்ணெயாக்கும். நூலு வழியா எண்ணெ ஏறிக்கிட்டே இருந்தா தீ அதைத்தான் தின்னும். ஏறது கொறஞ்சா சவம் நூலையே தின்ன ஆரம்பிச்சிரும். அதாக்கும் கருப்பு."

சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. லண்டனில் 1848-ல் மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவர்த்தியை முன்னால் வைத்துக்கொண்டு சிறுவர்களுக்குக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுத் தொடரே நடத்தினார். உருகிய மெழுகு திரியில் ஏறுவதும், ஆவியாகி எரிவதும் அதில் வரும். ஃபாரடேக்கு ராயல் இன்ஸ்டிட்யூஷன் மேடை வாய்த்தது. நம் ஆசானுக்குப் பக்கத்து இலைக்காரர்தான். அவரும் பாயசம் வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏறுவது ஏன் குறைகிறது என்று கேட்டுவிட்டால் பிறகு கை காய்ந்தாலும் எழுந்திருக்க முடியாது. முதல் குற்றவாளி புதுத்துணி. அதில் கஞ்சி இருக்கும், கஞ்சி கருகும். வெளுத்து வெளுத்துப் பதமான பழைய பருத்தி வேட்டிதான் உத்தமம். அதையும் பெண்டுகள் நீலம் முக்கி வைத்திருந்தால் தொலைந்தது. பாலியெஸ்டர் கலந்த வேட்டி என்றால் உருகி, உருண்டு, கரிமணியாகத் தொங்கும். அதைக் கண்டால் அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். அடுத்தது முறுக்கு. இறுக்கி முறுக்கினால் எண்ணெய்க்கு வழி இல்லை, தளர்த்தினால் சுடர் கொழுத்துப் புகையும். பின்னே எண்ணெய். அந்தக் காலத்தில் கடற்கரைப் பக்கம் புன்னைக்காய் எண்ணெய், கோயிலில் இலுப்பை எண்ணெய், வீட்டில் தேங்காயெண்ணெய். மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் தட்டிலேயே உறைந்து கிடக்கும். உருக்கி விடாமல் திரியைக் கொளுத்துகிறவன், அவர் கணக்கில், மனிதனே அல்ல. தட்டில் பூவிதழும் குங்குமமும் போடுகிறவர்களைப் பற்றி அவர் சொல்வதை இங்கே அச்சிட முடியாது.

காற்றையும் விடமாட்டார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் புகுந்து வருகிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. நாட்டுக்கு மின்சாரம், இவருக்கு மனவேதனை. சுடர் ஒருபக்கம் சாய்ந்து, திரியின் ஒரு கன்னம் மட்டும் கருகுமாம். "காத்தப் பாத்து வாசல் வச்சா இதாக்கும் கெதி" என்று வாஸ்துக்காரர் வயிற்றிலும் மண்ணைப் போட்டுவிடுவார்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குப் போகிற வெளியூர்க்காரர்கள் 18 அடி அனுமாரை அண்ணாந்து பார்ப்பார்கள். கருங்கல் இசைத்தூணைத் தட்டச் சொல்லிக் கேட்பார்கள். திரியாசான் தூண் தூணாகப் பாவைவிளக்குகளின் கையிலுள்ள அகலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு போவார். தாணு, மால், அயன் என்று சாமி மூன்று பேரும் சேர்ந்து எதிரே வந்தாலும், திரி மாற்றி எத்தனை நாளாயிற்று என்றுதான் விசாரிப்பார். கோட்டாறு சவேரியார் கோயிலில் ஒரு காலத்தில் விளக்கு எண்ணெய் இல்லாமல் தீர்த்தத்திலேயே எரிந்ததாக ஒரு பழைய கதை உண்டு. ஊரில் எல்லோரும் அற்புதத்தைக் கேட்டுச் சிலிர்ப்பார்கள். ஆசான் தாடையைத் தடவியபடி, "திரி எந்தத் துணின்னு சொல்லல்லியே?" என்பார்.

இப்படிப்பட்ட ஒருவருடைய மருமகன், உடன்பிறந்தாள் மகன், துபாயிலிருந்து லீவில் வந்தான். வந்தவன் மாடியில் ஒதுங்கி ஒரு சின்னக் குழலை வாயில் வைத்து இழுப்பதும், மாம்பழ வாசத்தோடு வெண்புகை விடுவதுமாக இருந்தான். மின்சிகரெட். அங்கே கடையில் கிடைக்கிற சாமான். இங்கே 2019-ல் வந்த சட்டப்படி கொண்டுவருவதே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதுவும் அவன் வைத்திருந்தது தூக்கிப்போடுகிற ரகமில்லை. கம்பிச்சுருளைத் தானே சுற்றி, நடுவில் ஜப்பான் பஞ்சைத் தானே நுழைத்து எரிக்கிற ரகம்.

மாமா மாடியேறி வந்துவிட்டார். மாமன் சொத்து மருமகனுக்குப் போகிற மருமக்கள்வழிச் சொத்துரிமையை 1926-லேயே சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். மாமாவின் அதிகாரத்தை முடிக்கத்தான் யாரும் சட்டம் போடவில்லை. பயல் குழலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"என்னலே அது?"

பயல் உளறினான். புகை, நிகோடின், சட்டம் ஒன்றுமே மாமாவின் காதில் ஏறவில்லை. 'பஞ்சு' என்ற சொல் ஏறிற்று. "தெறந்து காட்டு" என்றார். திறந்தான். பஞ்சு காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. ரெண்டு நாளைக்கு ஒருதரம் மாற்றியும் இப்படியே கருத்துப்போகிறது, இழுத்தால் தீய்ந்த ருசி என்று பயல் அழாக்குறையாகச் சொன்னான். மாமா கண்ணாடியை மாட்டி, மூக்கருகே கொண்டுபோனார்.

"எண்ணெயில சீனி கெடக்காலே?"

"சீனி இல்ல மாமா, இனிப்புக்கு சுக்ரலோஸ்."

"ஏதோ ஒண்ணு. பாவு அடிபிடிச்ச மணம் வருகு. பஞ்ச இப்பிடித் திணிச்சு வச்சா எண்ணெ எங்கன ஏறும்? எண்ணெயும் கொழுத்த எண்ணெ."

"கிளிசரின் கூடுதலு மாமா."

"பொறவு? சூட்டக் கொற. ஒரு இழுப்பு இழுத்தா அடுத்த இழுப்புக்கு முன்ன அது குடிக்கதுக்கு நேரம் குடு. அதுக்கும் தாகம் உண்டும்லா!"

துபாயில் இருக்கும் கூட்டாளிகள் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயம் காப்பி ஆறுவதற்குள் தீர்ந்துவிட்டது. பயல் மாமாவின் காலில் விழாத குறை. துணி காயப்போட வந்த அத்தைதான் கேட்டாள்: "பஞ்சு இந்தக் கருப்பு கருக்கே, பயலுக்க நெஞ்சு என்ன நெறத்துல கெடக்கோ?"

மாமாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "அது டாக்டர்மாருக்க டிபார்ட்டுமெண்டு" என்று கீழே இறங்கிவிட்டார். அத்தை குழலைப் பறித்தாள். அது எங்கே போயிற்று என்று பயல் லீவு முடியும்வரை கேட்கத் துணியவில்லை. கேட்டிருந்தால் தென்னைமரத்து மூட்டைக் கைகாட்டியிருப்பாள்.

அடுத்த வாரம் பயலுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். வில்லுக்குறிப் பக்கம் ஒரு வீடு. பெண் வந்தாள், நமஸ்கரித்தாள், காப்பி கொடுத்தாள். நாஞ்சில் நாட்டு மாமன் ஒருத்தர் கேட்க வேண்டிய நிலம், தோப்பு, படிப்பு, நகை எதையும் நம்மவர் கேட்கவில்லை. வந்ததிலிருந்து பூஜைமுறிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா வியர்த்துப்போனார். திரும்பி வருகிற காரில் அத்தை பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "ஏதாம் சொல்லுங்க. பிள்ளை எப்பிடி?"

"ரெண்டு திரியும் ஒரே கனம். தட்டுல கசடு இல்ல. நுனியில ஒரு பொட்டு கரி கெடயாது. கண்ண மூடிக்கிட்டு முடிச்சிரலாம்."

முடித்தார்கள். கல்யாணம் நாகர்கோவிலில் சிறப்பாக நடந்தது. அன்றைக்கு அந்த விளக்கை ஒருக்கியது பெண் வீட்டுக்காரர்கள் யாரும் இல்லை, ஒத்தாசைக்கு வந்த அடுத்த வீட்டு அக்கா என்பது மறுவீட்டுக்குப் போனபோதுதான் தெரியவந்தது. மாமா அந்த அக்காவைத் தேடிப்போய், எந்தக் கடைத் துணி என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார்.