ஏழும் பதினைந்தும்

கோயம்புத்தூரில் ஒப்பணக்கார வீதி இருக்கிறது, கிராஸ்கட் ரோடு இருக்கிறது. போதாதென்றால் திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது. இருந்தும் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் இருக்கும் இவர் பனியன் வாங்கச் சென்னைக்குப் பறப்பார். காலை விமானத்தில் போய், தி.நகரை ஒரு சுற்றுச் சுற்றி, ராத்திரி விமானத்தில் வீடு திரும்பிவிடுவார். லாட்ஜ் செலவு கிடையாது பாருங்கள், அதுதான் இவருடைய முதல் வாதம்.

2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைப் பறக்கவிட்டு, பின்னால் ஒரு ரூபாய் டிக்கெட் என்று அறிவித்தபோது பிறந்த இனம் இவருடையது. 2020-ல் அந்தக் கதையைத் தழுவிய ‘சூரரைப் போற்று’ படம் பார்த்து ஊரே கண் கலங்கியது. இவரும்தான் கலங்கினார். அந்த ஒரு ரூபாய் டிக்கெட் ஒன்றுகூடத் தனக்கு அகப்படவில்லையே என்று.

ஆடித் தள்ளுபடிக்கான டிக்கெட்டைச் சித்திரையிலேயே, நடுராத்திரி கண்விழித்துப் போட்டுவிடுவார். கிளம்பும் நாளில் விடியற்காலை டவுன்பஸ் பிடித்து சித்ரா ஸ்டாப்பில் இறங்கி, விமான நிலையம்வரை நடப்பார். கார்கள் விலகிப் போகும். பறப்பதற்குச் செலவு செய்பவர் நடப்பதற்கு எதற்குச் செய்ய வேண்டும்?

ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு. மேகத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பவன் ஏமாளி என்பது கொள்கை. ஓசியில் கிடைத்த நடு சீட்டில் உட்கார்ந்து, “ஏறிட்டனுங்க, போனை அமத்தப் போறனுங்க” என்று நான்கு பேருக்குச் சொல்லிவிட்டு, ஜன்னல்காரரின் மடிமேல் சாய்ந்து, “காவேரி தெரியுதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே சென்னை போய்ச் சேருவார்.

மீனம்பாக்கத்தில் மொய்க்கும் டாக்சிக்காரர்களை ஒரு கையசைப்பில் கடந்து, சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் ஸ்டேஷன். சில்லறைக் காசில் மாம்பலம். படியிறங்கினால் ரங்கநாதன் தெரு, கடை திறக்கும் முன்பே ஆஜர்.

மூட்டை பிரித்த வாசனையோடு அடுக்கியிருந்த பனியன்களில் ஒரு டஜன் எடுத்தார். அட்டையில் ‘திருப்பூர்’ என்று கொட்டை எழுத்து. லாரியில் மேற்கேயிருந்து கிழக்கே வந்த பனியன், இப்போது விமானத்தில் மேற்கே திரும்பப் போகிறது. வீட்டம்மாவுக்கு எடுத்த பட்டும் சிறுமுகைத் தறியில் நெய்தது. சிறுமுகை கோவை மாவட்டம்தான். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட்கிரைண்டரையும் ஒரு கடையில் விலை கேட்டு, கல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அரைமனதாகக் கீழே வைத்தார். விலை படியாமல் அல்ல, எடை படியாமல்.

எடைதான் இவருடைய மதம். கையில் 7 கிலோ, லக்கேஜில் 15. சட்டைப் பையில் கொக்கி மாட்டிய குட்டித் தராசு எப்போதும் இருக்கும். பனகல் பார்க் ஓரத்தில் நின்று பையை அதில் மாட்டித் தூக்குவார். முள் துடிக்காத டிஜிட்டல் தராசு என்பதால் இவர் நெஞ்சு துடிக்கும். 7.4 காட்டினால் உடனே ஒரு சட்டையை உருவி, போட்டிருக்கும் சட்டைமேல் போட்டுக்கொள்வார். உடம்பில் இருப்பதைக் கவுன்டரில் யாரும் எடைபோடுவதில்லை. ஆடிப் புழுக்கத்தில், மூன்று சட்டைக்குள், வியர்வை வழியத் திரும்பும் இவரைப் பார்த்து யாராவது காய்ச்சலா என்று கேட்டால் கோபம் வரும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்ன பெரியவர்கள் வெப் செக்-இன் செய்ததில்லை.

போன தடவை லக்கேஜில் 300 கிராம் கூடிவிட்டது. யோசித்து, தேங்காய்த் துருவியைக் கைப்பைக்கு மாற்றினார். பாதுகாப்புச் சோதனையில் ஸ்கேனர் திரையைப் பார்த்த வடநாட்டு ஜவான் நிமிர்ந்தார். துருவியின் பல்லை விரலால் தடவி, இது என்ன ஆயுதம் என்று இந்தியில் கேட்டார். “சட்னிக்குங்க” என்றார் இவர். தமிழில் சொன்னது போதாதென்று கையால் துருவியும் காட்டினார். அந்த அபிநயம்தான் காரியத்தைக் கெடுத்தது. துருவி தொட்டிக்குள் போனது. அதன் விலை 180 ரூபாய் என்பதை ஒரு மாதம் எங்கள் அப்பார்ட்மென்ட் முழுக்கக் கேட்டோம். சென்னை விமான நிலையத்தில் 2025-ல் திறந்த ‘உடான் யாத்ரி கஃபே’யில் பத்து ரூபாய்க்கு டீ குடித்து அந்தத் துக்கத்தை ஆற்றிக்கொண்டாராம். வெளியில் இதே டீக்கு என்ன விலை தெரியுமா என்று சொல்லும்போது முகம் தெளிந்தது.

நேற்று லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஐப்பசியில ஒரு ஆஃபர் வருதுங்க. நீங்களும் வாங்க, டிக்கெட்ல பாதி நான் போட்டுக்கறேன்.”

“எனக்கு அங்கே வாங்க ஒன்றுமில்லையே.”

“அது தெரிஞ்சுதானுங்க கூப்பிடறேன். கிரைண்டர் கல்லு உங்க பதினஞ்சுல அடங்கிரும்.”