மாமனார் வீட்டு ஓலையும் பங்காளி வீட்டுக் கடனும்

வாரும் வே லண்டன்காரரே, இப்படி நிழல்ல உக்காரும். லிஸ்பன் மாப்ளே, நீரும் வாரும். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொல்லப்போறேன். கோவம் வந்தா வரட்டும்.

ஒலகத்துலயே பழைய கூட்டணி எங்களோடதுதான்னு ரெண்டு பேரும் மார்தட்டுதீங்க. உள்ளதுதான். 1373-ல லண்டன்ல ஒரு ஒப்பந்தம், 1386 மே 9-ல வின்ட்சர்ல இன்னொண்ணு, மறுவருசம் இங்கிலாந்துப் பொண்ணு பிலிப்பாவப் போர்ச்சுகல் ராசா ஜோவானுக்குக் கட்டிக்குடுத்துச் சம்பந்தம். ஆனா அதே மே 9-ஐத்தான் இப்ப ஐரோப்பிய ஒன்றியத்துப் பிரசல்ஸ்காரன் ‘ஐரோப்பா நாள்’னு கொடியேத்திக் கொண்டாடுதான். தேதியையே பங்காளி எடுத்துக்கிட்டாம் பாத்தீரா?

பங்காளி இப்படிக் குறுக்க வாரது புதுசுமில்ல. 1580-ல ஸ்பெயின் ராசா ரெண்டாம் பிலிப் போர்ச்சுகல் கிரீடத்தையும் எடுத்து மாட்டிக்கிட்டான். எட்டு வருசங்கழிச்சு இங்கிலாந்து மேல படையெடுத்த ‘ஆர்மடா’ எந்தத் துறைமுகத்துலேர்ந்து கெளம்புச்சு? லிஸ்பன்லேர்ந்து! தலைமைக் கப்பல் சாவ் மார்ட்டின்யோ, போர்ச்சுகல் கப்பல். “நான் என்ன செய்ய, அவன் கைக்குள்ள இருந்தேன்”னு மாப்ளே சொல்லுவாரு. நெசந்தான். சம்பந்தி மேல சுட்டதும் நெசந்தான்.

அந்தப் பழைய ஒப்பந்த ஓலைக்கு மவுசே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். 1943 அக்டோபர்ல சர்ச்சில் நாடாளுமன்றத்துல எந்திரிச்சு, 1373 ஒப்பந்தத்தத் தூசிதட்டி எடுத்து, போர்ச்சுகலோட அசோர்ஸ் தீவுல தளங் கெடச்ச சேதியச் சொன்னாரு. ஜெர்மன்காரன் நீர்மூழ்கிய வேட்டையாட அந்தத் தீவு அம்புட்டு ஒதவுச்சு. நடுநிலைன்னு உக்காந்திருந்த போர்ச்சுகல் தலைவர் சலசார் யாரையும் கேக்க வேண்டியதில்ல. தானா முடிவெடுத்தாரு, தளத்தக் குடுத்தாரு. இந்த எடத்த ஞாபகத்துல வச்சுக்கிடும்.

பொறவு 1961 டிசம்பர். போர்ச்சுகல் வச்சிருந்த கோவாவுக்கு நம்ம பட்டாளம் போவுது. மாப்ளே ஓலைய எடுத்துக்கிட்டு லண்டனுக்கு ஓடுனாரு. “இந்தியா காமன்வெல்த்துல இருக்கு, அதும்மேல நாங்க கைவைக்க முடியாது”ன்னுட்டாரு மாமனாரு. நேட்டோவக் கூப்பிடலாம்னா, அதோட எல்ல கடக ரேகைக்கு வடக்கயே நின்னுபோச்சு. எனக்கு அதுல ஒரு வருத்தமும் கெடையாது வே!

நேட்டோவால ஒங்களுக்குள்ள வெரிசல் வரல. 1949-ல ரெண்டு பேரும் சேந்தே போயி உக்காந்தீங்க. இன்னாருகிட்டத்தான் துப்பாக்கி வாங்கணும்னு அவன் சட்டம் போடல. ஐரோப்பிய ஒன்றியம் அப்படியில்ல. 2017-ல பெஸ்கோன்னு கூட்டு ராணுவ ஏற்பாடு தொடங்குனாங்க. மாப்ளே கடைசி நேரத்துல ஓடிப்போயி ஒட்டிக்கிட்டாரு. மாமனாரு அந்த ஒன்றிய வீட்ட விட்டே வெளியேறுத மும்முரத்துல இருந்தாரு. 2022-ல, படைகள எல்ல தாண்டிக் கொண்டுபோற பெஸ்கோ திட்டத்துல மட்டும் நானும் வாரேன்னு வந்து நின்னாரே, அந்த வீம்பெல்லாம் எங்க போச்சு?

பொறவு 2025-ல ‘சேஃப்’னு ஒன்றியத்தோட 15,000 கோடி யூரோ ஆயுதக் கடன். மாப்ளேக்குச் சுமாரா 580 கோடி ஒதுக்கியாச்சு. வாங்குத சாமான்ல நூத்துக்கு 65 பங்கு ஒன்றியத்துக்குள்ளயும், உக்ரைன், நார்வே மாதிரி கூடச் சேத்துக்கிட்ட ஒண்ணு ரெண்டு நாட்டுலயும் செஞ்சதா இருக்கணும். திருப்பிக் கட்ட 45 வருசம் வரைக்கும் தவண. வண்டிய ஒருத்தங்கிட்ட வாங்குனா உதிரிபாகத்துக்கும் அவங்கிட்டத்தான் போகணும். பழுதுபாக்கப் படிக்கப்போற சிப்பாயும் அவன் ஊருக்குத்தான் போவான். குண்டோட அளவும் அவஞ் சொல்லுத அளவுதான். மாப்ளே துரோகமே செய்யாண்டாம். கொள்முதல் சீட்டே ஒறவ இடம் மாத்திப்புடும். சலசார் மாதிரித் தானா முடிவெடுக்குத காலமும் அதோட போச்சு.

மாமனாரும் அதே 2025 மே மாசம் பிரசல்ஸோட பாதுகாப்பு உடன்பாட்டுல கையெழுத்துப் போட்டாரு. சேஃப்லயும் சேருதேன்னாரு. உள்ள வரக் கட்டணம் எம்புட்டுன்னு பேரம் பேசிப் பேசி நவம்பர்ல முறிஞ்சுபோச்சு. அட்லாண்டிக்குக்கு அந்தாண்ட கெடக்குத கனடாக்காரன் அடுத்த சில நாள்ல உடன்பாட்ட முடிச்சுட்டான். லண்டன்காரரே, ஒங்க ஊரு ஆயுதக் கம்பெனிக்கு ஆர்டரும் வேணும், வரியும் குடுக்க மாட்டீரு. நல்லாருக்கு வே நியாயம்!

மாப்ளே, சிரிக்காதீரும். 2023-ல 650-ஆவது வருசம்னு விழாக் கொண்டாடுனீங்கள்லா? பிரசல்ஸ்ல சட்டம் எழுதுத மேசையில நீரு மாமனாருக்காக எம்புட்டுச் சத்தம் போட்டீரு? அங்க போலந்துக்காரனும் பால்டிக்காரனும் கெழக்க ருஷ்யாவப் பாத்துப் பேசுதான். ஒமக்கோ மேற்க கடலுதான் வாசலு. அசோர்ஸ், கடலுக்கடியில போற கம்பிவடம், கப்பல் பாதை, இதையெல்லாம் காக்கப் பிரிட்டிஷ் கடற்படை இல்லாமச் சமாளிப்பீரா?

அதனால சொல்லுதேன். மாப்ளே, முறிஞ்ச பேச்ச மறுபடி தொடங்கணும்னு பிரசல்ஸ்ல மொதல்ல நீரு வாயத் தெறக்கணும். லண்டன்காரரே, அடுத்த தடவ போகும்போது அந்த 1373 ஓலைய வீட்டுலயே வச்சுட்டு, பணப்பைய எடுத்துக்கிட்டுப் போவும்.