மூன்றாம் தரத்தைத் தள்ளிப்போடுபவர்

உடப்புசல்லாவைத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாளன்று, பூசையில் வைத்த தேங்காய், எலுமிச்சம்பழம், அம்மனுக்குச் சாத்திய சேலை முதலியவற்றைக் கோயில் நிதிக்காகக் கூவி விற்பவர் ஏலக்காரர் ஆவார். பெரட்டுக்களத்தில், அதாவது விடியற்காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடத்தில், கங்காணியாக நின்று பழுத்த அவருடைய குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டியதில்லை. ஆயினும் விலை கேட்டவரின் பெயர் அடுத்த மலைவரை எட்டினால்தான் பணம் பெயரும் என்பதால், ஒலிபெருக்கி வந்து சேரும்வரை அவர் வாய் திறப்பதில்லை. சம்பளத்தில் பிடிக்கப்படும் கோயில் சந்தாவுக்கு முணுமுணுக்கும் அதே மனிதர், நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்த 2025இல், நான்கு நாள் கூலியான 5400 ரூபாய்க்கு ஒரு தேங்காயைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து நின்றதற்கும் பெயர் அப்படி எட்டுவதே காரணம்.

இத்தோட்டங்களின் தேயிலை விலைபோகும் கொழும்பு ஏலம் 1883 ஜூலை 30இல் தொடங்கி, 2020 ஏப்ரலில் கணினிக்கு மாறிவிட்டது. அங்கே சாயத்தின் நிறத்தையும் சுவையையும் பார்த்து விலை வைப்பார்கள். கோயில் ஏலக்காரரோ சரக்கைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கொழும்புக் கடையில் வேலைசெய்யும் எந்தப் பையன் ஊர் வந்திருக்கிறான், மேல் லயம் எனப்படும் தொடர்வீட்டு வரிசைக்கும் கீழ் லயத்துக்கும் இப்போது என்ன மனஸ்தாபம் என்பனவே அவருக்குத் தேவையான சந்தை நிலவரம். “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று இழுத்தவர், மூன்றாம் தரத்தை விழுங்கிவிட்டு, “மச்சான் கேட்டுட்டாரு, மாமா பேசாம நிக்கிறீங்களே?” என்று பணிவோடு விசாரிப்பார். 2024இல் விழுப்புரம் மாவட்டத்து ஒட்டனந்தல் முருகன் கோயிலில் 9 எலுமிச்சம்பழங்கள் 2.36 லட்சம் இந்திய ரூபாய்க்குப் போனதற்குப் பிள்ளை வரம் கிட்டும் என்ற நம்பிக்கை துணைநின்றது. இங்கே ஒரு மைத்துனர் எதிரே நின்றால் போதுமானது.

விலையை ஏற்றிவிடுவதற்கென்று கோயில் கமிட்டியார் கூட்டத்துக்குள் ஓர் ஆளை நிறுத்துவதும் உண்டு. போட்டிக்கு விலை கேட்டவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டால், ஏலத்துக்கு வந்த பூசணிக்காய் அந்த ஆளின் தலையில்தான் விழும். கேட்ட தொகையை அடுத்த திருவிழாவுக்குள் கட்டலாம் என்பது சலுகை. கட்டாதவர்களின் பெயர்களைக் கொடியேற்றத்துக்கு முன்பு அதே ஒலிபெருக்கியில், அதே மரியாதையோடு வாசிப்பது ஏலக்காரரின் வசூல் முறை; ஆதலால் முதல் நாள் இரவே பலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஏற்றிவிட்ட ஆள் மட்டும், பூசணிக்காய்க் கணக்கைக் கமிட்டிதான் தீர்க்க வேண்டும் என்று ஆண்டுதோறும் வாதாடிக்கொண்டிருப்பார்.