ஏழாண்டு ஆதரவும் ஏழரைச் சனியும்: ஐரோலிக் கைப்பேசிகளை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

1. முன்னுரை

நெடுநாள் உழைக்கும் கைப்பேசியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது குறித்துத் தமிழில் ஆய்வுகள் அருகியே காணப்படுகின்றன. உண்மையில் நான் தேடிப் பார்க்கவில்லை. ஆனால் இப்படித் தொடங்காத கட்டுரையை எந்தக் கருத்தரங்கிலும் வாங்க மாட்டார்கள். இப்படித் தொடங்கிவிட்டால், அதன்பின் என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டியிருக்க வேண்டும்.

ஆய்வெல்லை, நவி மும்பையின் ஐரோலி: மேற்கே ஃபிளமிங்கோக்கள் நிற்கும் தானே கழிமுகம், கிழக்கே தானே–பேலாப்பூர் சாலை, வடக்கே திகா, தெற்கே ரபாளே. இவ்வெல்லைக்குள் ஊர் உலகத்தின் தரவையெல்லாம் குளிரூட்டிக் காக்கும் தரவு மையங்கள் உள்ளன. ஆயினும் ஒரு சார்ஜிங் போர்டு வேண்டுமென்றால் தானேயில் வண்டி மாறி, கிராஃபர்ட் மார்க்கெட் பக்கத்து மனீஷ் மார்க்கெட்டுக்குத்தான் ஆள் போக வேண்டும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

முதன்மை ஆதாரம், என் அத்தை. நெல்லைச் சீமையில் பிறந்து, தாராவி 90 அடிச் சாலையில் வாழ்க்கைப்பட்டு, இப்போது ஐரோலியில் மகன் வீட்டில் இருப்பவர். துணைமை ஆதாரம், ஸ்டேஷன் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பைய்யா. எதை எடுத்தாலும் ஐந்திணையாகப் பகுத்து ஆறாம் பக்கத்தில் முடிவுரை எழுதுவதே மரபு. ஆனால் கைப்பேசிக்குப் பாலைத் திணை பொருந்துகிற அளவுக்கு மற்ற நான்கும் பொருந்தவில்லை. ஆகவே இங்கே வேறு நெறி கைக்கொள்ளப்படுகிறது.

2. ஏழு என்னும் எண்

2023 அக்டோபரில் கூகுள் நிறுவனம் பிக்சல் 8 கைப்பேசிக்கு ஏழாண்டு மென்பொருள் ஆதரவு என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24 வரிசைக்கு அதே ஏழைச் சொன்னது. முதலில் இரண்டு, மூன்று, பிறகு நான்கு, ஐந்து என்று கிள்ளிக் கொடுத்தவர்கள், ஏழுக்குத் தாவியது ஏன்? பம்பாய் ஏழு தீவுகளால் ஆனதால் என்பது ஒரு சாரார் கருத்து. அந்தச் சாராரில் இதுவரை நான் மட்டுமே இருக்கிறேன், நானும் விலகிக்கொள்கிறேன்.

இச்சிக்கலைத் தீர்த்தவர் அத்தை. செய்தியைப் படித்துக் காட்டியதும் அவர் கேட்டது: “ஏல, ஏழு வருசம்னு சொல்லுதான். மிச்சம் அரைய எவன் குடுப்பான்?” (அத்தை, வாய்மொழி, சமையலறை.)

இந்த ஒரு வினாவில் ஆய்வே திசை மாறிற்று. சனி பகவான் ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு இருப்பார். பன்னிரண்டாமிடம், ஜென்ம ராசி, இரண்டாமிடம் என மூன்று வீட்டையும் கடக்க ஏழரை ஆண்டு. நிறுவனம் தருவதோ ஏழு. ஆக, எந்தக் கைப்பேசியும் கடைசி ஆறு மாதம் காப்பாரின்றிச் சனியோடு தனித்து விடப்படுகிறது. எட்டாண்டு ஆதரவு தரும், ஆம்ஸ்டர்டாம் நிறுவனத்தின் ஃபேர்ஃபோன் 5 இதற்கு விலக்கு. ஆனால் அதை இங்கே விற்பதில்லை, ஆம்ஸ்டர்டாமில் சனியின் நிலை இவ்வாய்வுக்கு அப்பாற்பட்டது.

2.1 விரயச் சனி. முதல் இரண்டரை ஆண்டு. மாதத் தவணை, பேக் கவர், டெம்பர்ட் கிளாஸ், அது உடைந்தால் இன்னொரு டெம்பர்ட் கிளாஸ். பெட்டிக்குள் சார்ஜர் இல்லாமல் விற்கும் வழக்கம் 2020இல் ஐபோன் 12 வந்தபோது பரவத் தொடங்கியது. பிறகு கேலி செய்தவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். சார்ஜரைத் தனியே வாங்குவது விரயத்தில் தலையாய விரயம் என்பது துணிபு (அத்தை, திருத்திய இரண்டாம் பதிப்பு, மாமா வீட்டுக்கு வந்த பிறகு).

2.2 ஜென்மச் சனி. இது உடம்பைப் பிடிக்கும். இங்கேதான் என் ஒப்பீடு நிலைநாட்டப்படுகிறது. வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, கைப்பேசியின் பேட்டரி 800 முறை முழுச் சார்ஜ் ஏறி இறங்கிய பின்னும் 80 விழுக்காடு கொள்ளளவோடு இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு முறை என்று வைத்தால் 800 நாள், அதாவது இரண்டு ஆண்டும் எழுபது நாளும். விரயச் சனி முடிய இன்னும் நாலு மாதம் இருக்கும்போதே பேட்டரி தளரத் தொடங்குகிறது. பெயர்ச்சிக்குச் சில மாதம் முன்பே பலன் தெரியும் என்று சோதிடர்கள் சொல்வது இதைத்தான். பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து 800 என்று எழுதினார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் நேரில் சென்று ஆராய அணியமாக உள்ளேன்.

ஜென்மச் சனியில் மழையும் அடங்கும். நனைந்த கைப்பேசியை அரிசியில் புதைக்காதீர்கள், அரிசித்துகள் உள்ளே போகும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் எழுதி வைத்தது. அது எந்த அரிசி என்று குறிப்பிடாததை அத்தை கண்டிக்கிறார். ரேஷன் அரிசியில் வைத்த போன் பிழைத்ததும், பொன்னியில் வைத்தது செத்ததும் அவர் கண்ட சான்றுகள் (அத்தையும் ரபாளே மாமியும், உரையாடல், ஐரோலி–ரபாளே ரயில், மகளிர் பெட்டி, நின்றபடி, அடுத்த ஸ்டேஷனே ரபாளே ஆதலால் இறுதி இயல் கிடைக்கவில்லை).

2.3 பாதச் சனி. கைப்பேசி வீட்டுப் பெரியவர்களின் காலடிக்கு வந்து சேரும் பருவம். மகன் புதியது வாங்க, பழையது அத்தைக்கு. அத்தையிடம் வந்த கைப்பேசிக்கு நீண்ட ஆதரவு உண்டு. அதன் நிறுவனத்தை இங்கே பெயர் சொல்லேன். ஒருநாள் இரவு திரையில் அறிவிப்பு வந்தது: புதிய பதிப்பு தயார், பேட்டரி போதிய அளவு இருந்தால் நிறுவலாம். இருந்தது பதினெட்டு. அத்தை சார்ஜரைச் செருகினார். ஏறவில்லை. ஒயரை இடப்பக்கம் வளைத்து, மேலே மாத்திரை டப்பாவை வைத்து அழுத்தினால் ஏறும், டப்பா நகர்ந்தால் நின்றுவிடும். ஆதரவு வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே அழைக்கத்தான் வழியில்லை. சேவை மையத்தில் பாகம் வரவேண்டும் என்றார்கள், பிறகும் வரவேண்டும் என்றார்கள். இன்றும் அந்த அறிவிப்பு திரையின் மேல்முனையில் அப்படியே இருக்கிறது.

3. வாக்கியமும் திருக்கணிதமும்

ஏழு என்றால் எந்த நாளிலிருந்து ஏழு? இங்கே அறிஞரிடையே போர். 2025 மார்ச் 29இல் சனி மீனத்துக்குப் போய்விட்டார் என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். இல்லை, 2026இல்தான் என்றது வாக்கியம். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தின் பக்கம் நின்றது. ஒரே சனி, ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு. மும்பை மாட்டுங்காவில் இரண்டு பஞ்சாங்கத்தையும் ஒரே கடையில் ஒரே கையால் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

கைப்பேசியிலும் இதே கதை. நிறுவனத்தார் கணக்குத் தொடங்குவது, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. வாங்குகிறவர் தொடங்குவது பில் போட்ட நாளிலிருந்து. தீபாவளித் தள்ளுபடியில் இரண்டு வருடப் பழைய மாடலை மலிவாக அள்ளி வந்தவர், கடையை விட்டு இறங்கும்போதே ஏழில் இரண்டைச் செலவழித்தவராவார். அதற்குத்தான் தள்ளுபடி. ஐரோப்பிய ஒன்றியத்தின் பஞ்சாங்கம் மூன்றாவது: அந்த மாடலை விற்பதை நிறுத்திய நாளிலிருந்து ஐந்தாண்டு மென்பொருள், ஏழாண்டு உதிரிபாகம். மூன்றில் இதுவே நியாயமான கணக்கு என்பேன். அந்தப் பஞ்சாங்கம் மட்டும் மாட்டுங்காவில் கிடைப்பதில்லை.

வாக்கியம், திருக்கணிதம் என்னும் இரு கட்சி அறிஞர்களும் எதிர்க்கட்சியின் நூலைப் படித்ததில்லை. முன்னுரையில் நன்றி சொல்லப்பட்டவர்களின் பட்டியலைப் பார்த்தே மறுப்பு எழுதுகிறார்கள். இந்த இடத்தில் சோதிடர்களைச் சொல்கிறேன் என்று யாரேனும் நினைத்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை.

4. இழுப்பறைக் கோட்பாடு

இனி களஆய்வு. பைய்யாவின் கடையில் ஒருவர் உட்காரலாம், ஒருவர் நிற்கலாம், மற்றவர் நடைபாதை. மேசைமேல் நீல ரப்பர் விரிப்பு. அதன் குழிகளில் திருகாணிகள், கழற்றிய வரிசையிலேயே கிடக்கின்றன. ஒரு பக்கம் ஹாட் ஏர் கன், மறுபக்கம் குளிர்ந்துபோன சாய். முதுகுக்குப் பின்னே இழுப்பறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் மார்க்கரில் மாடல் எண்.

“எந்தக் கம்பெனி நல்லது?” என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஓர் இழுப்பறையை இழுத்தார். நடுத்தர விலை மாடல் ஒன்றின் ஃபோல்டர்கள், அதாவது திரையும் டச்சும் ஒட்டியவை, அப்பளக்கட்டு போல அடுக்கியிருந்தன. “யே தோ ரோஜ் ஆத்தா ஹை.” தினமும் வருவதாம். மூடினார். இன்னொன்றை இழுத்தார். காலி. என் சட்டைப் பையிலிருந்த விலை உயர்ந்த மாடலைப் பார்த்துவிட்டு, “இஸ்கா ஃபோல்டர் நஹீ ஆத்தா” என்றார். இதற்கு ஃபோல்டர் வராதாம். ஆய்வு முடிந்துவிட்டது. மேற்கொண்டு எழுதுவது பக்க எண்ணிக்கைக்காக.

விளக்கம் வருமாறு. கட்டடத்தில் பாதிப் பேர் வைத்திருக்கும் மாடலுக்கே மனீஷ் மார்க்கெட்டில் பாகம் குவியும். ஒரிஜினல், காபி, அதற்கும் கீழே ஒன்று என்று தரவாரியாகக் குவியும். செத்த கைப்பேசியைப் பைய்யா எடைக்குப் போடாமல் வைத்திருப்பார். அதன் கேமரா ஒருவருக்கு, ஸ்பீக்கர் இன்னொருவருக்கு. பத்துப் பேர் மட்டும் வாங்கிய மாடலுக்கு உறுப்பு தானம் செய்ய ஆளில்லை. புத்தம் புதிய மாடலுக்கும் இதே கதி. அது வந்து சில மாதம் போனால்தான் பாகம் தெருவுக்கு இறங்கும். முதல் வாரம் வரிசையில் நின்று வாங்குபவரைப் பைய்யா இரக்கத்தோடு பார்க்கிறார்.

மென்பொருள் ஆதரவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்புத் திருத்தம் நின்ற கைப்பேசியில் வங்கிச் செயலியை வைப்பது கதவைச் சாத்தாமல் தூங்குவதுதான். 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4இல் வாட்ஸ்அப் ஓடாது என்றானபோது, நன்றாக இருந்த போன்கள் ஒரே நாளில் டார்ச் லைட் ஆயின. இழுப்பறையும் நிறைந்து ஆண்டும் நீண்டால் உத்தமம். 20,000 ரூபாய்க்குள் விற்கத் தொடங்கிய கேலக்சி ஏ16க்கு ஆறாண்டு என்று சாம்சங் அறிவித்ததை அவ்வகையில் நல்ல அறிகுறி எனலாம்.

5. எஞ்சிய வகைகள்

5.1 ஐபோன். ஆண்டுக்கணக்கைப் பறைசாற்றாமலேயே, 2013இல் வந்த 5எஸ் மாடலுக்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஆனால் வேற்றுத் திரையை மாட்டினால் ‘அறியப்படாத பாகம்’ என்று காட்டிக்கொடுக்கும். பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

5.2 ஆதரவு முடிந்த பின்னும் வரும் ஆதரவு. பிக்சல் 4ஏவுக்குக் கணக்கு 2023இலேயே முடிந்தது. 2025 ஜனவரியில் திடீரென ஒரு திருத்தம் வந்து, பல கைப்பேசிகளின் பேட்டரிக் கொள்ளளவைக் குறைத்துவிட்டுப் போனது. சனி மறுபடி எட்டிப் பார்த்தார் என்பதன்றி வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

5.3 நிறுவனமே கைப்பேசியைக் கைவிடுதல். எல்ஜி, 2021 ஏப்ரல் அறிவிப்பு. அவ்வளவுதான்.

5.4 நோக்கியா. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய ஆலையை 2014 நவம்பரில் மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். அதைப் பற்றிக் கேலிக்கட்டுரையில் எழுத எனக்கு மனம் இல்லை.

5.5 அரசு. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழு, அதே ஆண்டு டிசம்பர் 24இல் ஓர் இணையவாசல், 2024 செப்டம்பரில் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்காக இன்னொரு குழு, 2025 மே மாதத்தில் அதன் அறிக்கை. பிரான்சில் 2021இலேயே பெட்டியின் அருகில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்டி விற்கத் தொடங்கிவிட்டார்கள். பாகத்தின் விலையும் அந்த மதிப்பெண்ணில் சேர்த்தி. நம் பைய்யாவிடம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, “டிஸ்ப்ளே கா கேரண்டி நஹீ ஹை”, அதாவது திரைக்கு உத்தரவாதம் இல்லை, என்று பதில் வந்தது (பைய்யா, நேர்காணல், நடைபாதை, மழை, ஆய்வாளரின் குறிப்பேடு நனைந்ததால் எஞ்சிய பகுதி அத்தையின் நினைவிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது. அத்தை அங்கே இல்லை).

6. வாசகர்க்கு

வாங்க நினைக்கும் மாடலின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி, பணம் கட்டுவதற்கு முன் உங்கள் தெருக் கடைக்காரரிடம் காட்டுங்கள். ஃபோல்டர் வருமா, பேட்டரி வருமா, சார்ஜிங் போர்டு வருமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் இழுப்பறை திறந்தால், பிறகு ஆண்டுக்கணக்கைப் பாருங்கள், அதையும் அறிமுக நாளிலிருந்து எண்ணுங்கள். ஐரோலிக்காரர்கள் மாலை ஏழுக்கு மேல் போகவும். மதியத்தில் கடை பூட்டியிருக்கும், அவர் மனீஷ் மார்க்கெட்டில் இருப்பார்.