ஏறியிறங்கு படலம்: ஸ்காபரோ ஸ்நோ புளோவர்களின் மாற்றுக் காபரேற்றர் குறித்த ஆய்வு

ஸ்காபரோவில் ஒரே பனி இரண்டு தரம் விழும். முதல் தரம் வானத்திலிருந்து; மறுதரம் மாநகரசபை வண்டி தெருவை வழித்து, ட்ரைவ்வே வாசலில் வரம்பு கட்டிவிட்டுப் போகும்போது. அந்த வரம்பு சவளுக்கு மசியாது. 1999 சனவரியில் ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ற்மன் பனி அள்ள இராணுவத்தையே கூப்பிட்டார். இராணுவம் வந்தால் நிம்மதி என்று எண்ணிப் பழகாத நம்மவர் ஸ்நோ புளோவர் வாங்கினர். இந்த ஆய்வின் வரலாற்றுப் பின்னணி இவ்வளவே.

ஆய்வுப்பொருள் ஒரு சத்தம். ‘வ்ரூம்’ என்று உயர்ந்து, ‘ம்ம்’ என்று தணிந்து, மறுபடி ‘வ்ரூம்’ என்று உயர்வது. புதுக் காபரேற்றர் பூட்டிய எஞ்சின்களில் இது அடிக்கடி கேட்கும். இதனை ஏறியிறங்கல் என்று வழங்குவோம். தரவுகள் வேலிக்கு மேலால் காதில் விழுந்தவாறே திரட்டப்பட்டன. அயலவர் ஒருவரிடமும் முன் அனுமதி பெறப்படவில்லை.

நோயின் மூலத்தை 1738இலேயே பெர்நூலி எழுதி வைத்தார். 1797இல் வெஞ்சூரி அதற்கு ஒரு தொண்டை கொடுத்தார். காற்று காபரேற்றரின் ஒடுங்கிய தொண்டைக்குள் நுழையும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்தக் குறைவு கிண்ணத்தில் நிற்கும் பெற்றோலை ஜெற் துளை வழியே உறிஞ்சும். நிறைக் கணக்கில் பெற்றோல் ஒரு பங்கென்றால் காற்று 14.7 பங்கு. துளையோ ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஒரு தூசிக்கு அங்கே பெரிய அதிகாரம் உண்டு.

பெற்றோல் போதாமல் எஞ்சின் தளர்கிறது. உடனே வேகத்தைக் காக்கும் கவர்னர் திறொட்டிலைத் திறக்கிறது, பெரிய ஜெற் ஊட்டுகிறது, வேகம் ஏறுகிறது. ‘கூடிப்போச்சு’ என்று கவர்னர் மூடுகிறது. அடைபட்ட சின்ன ஜெற்றின் தயவில் எஞ்சின் மறுபடி தளர்கிறது. ஆகவே குற்றவாளி கவர்னர் என்பாரும் உளர். அது பொருந்தாது, என்னை? அது தன் கடமையையன்றி வேறொன்றும் செய்யாமையின். கவர்னரின் ஸ்பிரிங்கை வளைத்து மருத்துவம் பார்ப்போருக்கு இவ்வாய்வில் இடமில்லை.

இனி ஒரு புதிர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தார் எம்.டி. 90 மோட்டார்சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். சின்னப் போத்தலிலிருந்து ஒரு சொட்டுப் பெற்றோலைக் காற்று போகும் வழியில் பீச்சி ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் விட்டார்கள். எஞ்சினுக்கு விதிக்கப்படாத எரிபொருளில் அதை ஓட வைத்த அதே கைகளுக்கு, நல்ல பெற்றோலில் ஒரு ஸ்நோ புளோவர் ஏன் அடங்குவதில்லை?

விடை ஒரு ஆணியில் இருக்கிறது. அந்த மோட்டார்சைக்கிள் காபரேற்றரில் திருக ஆணி இருந்தது. காதைக் கொடுத்துக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகலாம். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் சின்ன எஞ்சின்களில் அந்த ஆணி போயிற்று. கலவை தொழிற்சாலையிலேயே, அதுவும் பெற்றோல் குறைந்த பக்கமாக, நிலைநிறுத்தப்படுகிறது. பழைய ஸ்நோ புளோவர்கள் பலவற்றில் இருப்பது ரெக்கும்சே எஞ்சின். அந்தக் கம்பனி 2008இல் எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டதால் இன்று கிடைக்கும் காபரேற்றர்கள் பெரும்பாலும் நகல்கள். (ரெக்கும்சே என்பது 1813இல் இதே ஒன்ராறியோ மண்ணில் போரில் விழுந்த ஷோனி இனத் தலைவரின் பெயர். அவர் பெயரை நாம் ட்ரைவ்வேயில் நின்று எந்தத் தொனியில் உச்சரிக்கிறோம் என்பதை இங்கே பதிய வேண்டாம்.) நகல் ஆணித்துளைகளுக்குப் பொருந்தும். எஞ்சினின் பசிக்குப் பொருந்தும் என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருப்பதில்லை.

சிகிச்சையில் இரு மரபுகள் உண்டு. அரைச்சோக் மரபினர் வேலிக்கு அப்பாலிருந்தே மருந்து சொல்வர்: “அண்ணை, சோக்கைப் பாதி இழுத்து விடுங்கோ, சரிவரும்.” சரிவரும்தான். காற்றைக் குறைத்ததும் சத்தம் சீராகுமானால், பெற்றோல் போதவில்லை என்பது நிறுவப்பட்டது. ஆனால் நோயை அறியும் கருவியையே மருந்தாக்கிக் காலம் முழுதும் ஓட்டினால், பிளக் கரி பிடித்து எஞ்சின் நின்றுவிடும். மற்றையோர் துளைப்பு மரபினர். எடுத்த எடுப்பில் ஜெற்றை ட்ரில் பண்ணுவர். பெருத்த துளை மீண்டும் சிறுக்காது.

இவ்வாய்வு பரிந்துரைப்பது சலிப்பூட்டும் ஓர் ஒழுங்கு. முதலில் புதுப் பெற்றோல். பிறகு காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள கஸ்கெற்: அதன் சிறுதுளை காற்றுவழியோடு நேர்படுகிறதா, பழைய கஸ்கெற் ஒட்டியபடி மறுபக்கம் கிடக்கிறதா என்று பார்த்தல். அதன்பின் சின்ன ஜெற்றைக் கழற்றி, வயரின் ஒற்றை இழையால் குத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தல். புதிது என்பதால் சுத்தம் என்று கொள்ளற்க. இவ்வளவும் செய்தபின் பிளக் இன்னும் வெள்ளையாயிருந்தால்தான் ஜெற்றை மாற்ற நினைக்கலாம். மண்ணிறம் நலம், கறுப்பு மிகை.

பெற்றோல் பற்றி ஒரு குறிப்பு. ஒன்ராறியோவின் சட்டம் பெற்றோலில் கலக்கும் எதனோல் முதலியவற்றின் சராசரியை 2025இல் 11 வீதமாக்கியது. 2030இல் அது 15 வீதம். எதனோல் தன்னோடு ஒட்சிசனைக் கொண்டுவருவதால் மெலிந்த கலவை இன்னும் மெலியும். தண்ணீரையும் ஈர்க்கும், கிண்ணத்தில் மாதக்கணக்கில் கிடந்த பெற்றோலோ பிசினாகும். ஏறியிறங்கல் பெருகுமேயன்றிக் குறையாது.

ஆகவே பழைய காபரேற்றரைக் குப்பையில் போடாதீர்கள். அதன் பித்தளை ஜெற் உங்கள் எஞ்சினுக்கென்றே துளைக்கப்பட்டது, கழுவினால் பெரும்பாலும் பிழைக்கும். சித்திரை வருஷப்பிறப்புக் கழிந்து, இனிப் பனியில்லை என்று உறுதியானதும், பெற்றோல் குழாயை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.