நின்று சுழலும் கட்டர்

கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் நண்பர், மில்லிங் மிஷினுக்குத் தன் கையாலேயே எல்இடி விளக்கு செய்துவிட்டார். கடையில் வாங்குவது சோம்பேறிகளின் வேலை அல்லவா? ஸ்பிண்டிலைச் சுற்றி மாட்ட அலுமினிய வளையம் கடைந்தார். மூன்று நாள் ஆர்டர்கள் காத்திருந்தன, காத்திருப்பதற்குத்தானே ஆர்டர். 12 வோல்ட் பட்டையை மூன்று மூன்று பல்பாக வெட்டி ஒட்டினார். கூலன்ட் பட்டு உரிந்தது. மறுபடி ஒட்டினார். டிரான்ஸ்ஃபார்மரும் நாலு டயோடும் பழைய ரேடியோ தந்தது. கெப்பாசிட்டரை மட்டும் விட்டுவிட்டார். 40 ரூபாய் மிச்சம்.

கெப்பாசிட்டர் இல்லாததால் விளக்கு இப்போது விநாடிக்கு 100 முறை மின்னுகிறது. இரண்டு பல் கட்டரை 3000 ஆர்பிஎம்மில் ஓடவிட்டால் அசையாமல் நிற்பதாகத் தெரிகிறது. “மிஷினை நிறுத்தாமலே அளவு பார்க்கலாம்” என்று பூரிக்கிறார். பார்க்கப் போகிறவர்கள் கையைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.