டிடெக்டிவ் சாரும் தெருமுனை நாயும்

மதுரையில் தனியார் துப்பறிவாளர் என்றொரு ரகத்து மனிதர் இருக்கிறார். கொலை, கொள்ளை, காணாமல் போன வைரம் என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அதெல்லாம் போலீஸ் பாடு. இவருக்குச் சோறு போடுவது கல்யாணம். ஜாதகம் பொருந்திவிட்டது, தட்டு மாற்றத் தேதி குறித்தாயிற்று, பையன் கை நிறையச் சம்பாதிக்கிறான் என்கிறார்கள். ஆனாலும் பெண்ணைப் பெற்றவருக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தத் தூக்கம் வராததற்குத்தான் இவர் பில் போடுகிறார். சொருகிவிட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா (ஒன்று எழுதாது), சாயங்காலம் ஆறரை மணிக்கும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. தான் யார் கண்ணிலும் படாமல் நடமாடுவதாக அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. விளம்பரத்திலும் ‘ரகசியம் காக்கப்படும்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பார். விளாங்குடியில் ஒரு சந்துக்குள் அவர் வண்டியைத் திருப்பி ஸ்டாண்ட் போடுவதற்குள், எந்த வீட்டு வரன் விஷயமாக வந்திருக்கிறார் என்பது தேய்ப்பு வண்டிக்காரர் வரை தெரிந்துவிடும். நான் இங்கே சொல்ல வருவது ஒன்றுதான்: அந்தச் சந்தில் துப்பறியும் தொழிலை முறைப்படி செய்வது இவர் இல்லை. இவரைக் கண்டதும் எழுந்து நின்று உடம்பைச் சிலிர்த்துக்கொள்கிறதே, அந்த நாய்தான்.

இந்த மனிதர் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. ஒரு காலத்தில் இவருடைய வேலையைத் தாய்மாமன் செய்தார். மேலூரில் ஒரு வரன் என்றால் மேலூர்ச் சந்தைக்குப் போகிற சாக்கில் போய், பையனின் பாட்டன் யாரிடம் கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை என்பது வரை கேட்டுக்கொண்டு வருவார். சம்பளம் ஒரு வேட்டி, துண்டு. கல்யாணத்தில் கோபித்துக்கொள்ளும் உரிமை தனி. பிறகு உசிலம்பட்டிக்காரர் திருநகரில் வீடு கட்டினார், சோழவந்தான்காரர் ஒத்தக்கடைப் பக்கம் ஃப்ளாட் வாங்கினார், வரன்கள் செல்போனில் படமாக வரத் தொடங்கின. மாமனுக்குப் பையனின் தெருவே தெரியாது. தெரிந்தாலும் அவர் திருப்பூரில் இருக்கிறார். காலியான அந்த நாற்காலியில் டிடெக்டிவ் சார் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், மாமனிடம் இருந்த இரண்டு முதல்களை, அதாவது ஊர்ப்பழக்கத்தையும் வெட்கமில்லாமல் கேட்கும் தைரியத்தையும், எடுத்துக்கொண்டு வரவில்லை. அதனால்தான் டீக்கடைக்குப் போகிறார்.

அங்கே அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் வாடகை வீட்டைப் பற்றியதாகவே இருக்கும். “இந்தப் பக்கம் வீடு ஏதும் காலியா இருக்காண்ணே?” என்பார். டீ மாஸ்டர் நுரையை ஒரு ஆற்று ஆற்றிவிட்டு, “வீடு கெடக்கட்டும் சார். மூணாவது வீட்டுப் பய விஷயமாத்தான வந்துருக்கீக? போன வாரமும் ஒருத்தர் இதே மாதிரி வீடு கேட்டாரு. நல்ல பய சார், வாயத் தொறந்து பேச மாட்டான்” என்று முடித்துவிடுவார். இதுதான் பின்னால் லெட்டர்பேடில் ‘நம்பத்தகுந்த வட்டாரங்களில் ரகசியமாக விசாரித்ததில்’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் வருகிறது. இதற்கிடையில் கடை வாசலில் படுத்திருந்த செவலை நாய் என்ன செய்கிறது என்று கவனித்தால் தெரியும். முதலில் வண்டியின் முன்சக்கரம், அடுத்து பின்சக்கரம்: எந்தத் தெருக்கள் வழியாக வந்தார் என்பது முடிந்தது. பிறகு பேண்ட்டின் அடிமடிப்பு, செருப்பு, கையில் தொங்கும் பை. மனித மூக்கில் வாசனை பிடிக்கும் உயிரணுக்கள் சுமார் 60 லட்சம், நாய்க்கு 30 கோடி வரை இருக்கலாம் என்று வழக்கமாகக் கணக்குச் சொல்வார்கள். கருவி பெரிதென்பது மட்டுமில்லை, ஒழுங்கும் பெரிது. அது வாடகை வீடு தேடி வந்ததாகப் பொய் சொல்லவில்லை, பொருளை நேரடியாகச் சோதித்தது, முடிவு தெரியும் வரை இடத்தை விட்டு நகரவில்லை, டீயும் கேட்கவில்லை.

ஒரு வழக்கை எடுத்துப் பார்ப்போம். பையன் இரவு ஒன்பது மணிக்குள் வீடு வந்துவிடுவான், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது என்று ரிப்போர்ட் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரு நாய்க்குப் பதினொரு மணிக்கு மேல் எந்த பைக் வந்தாலும் ஆகாது. மாநகராட்சி லாரியானாலும் துரத்தும். ஆனால் பன்னிரண்டரைக்கு ஒரு பைக் நுழைகிறது, சத்தமே இல்லை. கானன் டாயில் 1892இல் எழுதிய ‘சில்வர் பிளேஸ்’ கதையில் பந்தயக் குதிரையைக் கொண்டுபோன ராத்திரி நாய் குரைக்கவில்லை. அதை வைத்தே ஷெர்லாக் ஹோம்ஸ் வந்தவன் அந்நியன் இல்லை என்று பிடித்துவிடுவார். மதுரைச் சந்தில் அதைவிட ஒரு படி மேலே போகலாம். இந்த மௌனம் ஒரு நாளில் வந்திருக்காது. மாதக்கணக்கில் அதே நேரத்துக்கு வந்து சம்பாதித்த மௌனம். ஆகவே ஒன்பது மணி என்பது பொய். அடுத்து, நாய் குரைக்காததோடு வாலை ஆட்டிக்கொண்டு பைக்கின் முன்பக்கம் தொங்கும் கவரை நோக்கி ஓடுகிறது. கவரில் எலும்பு. தூங்கா நகரில் நள்ளிரவில் எலும்பு எங்கே கிடைக்கும்? பரோட்டாக் கடையில். பையன் தினமும் வீட்டில் ‘பசியில்லம்மா’ என்று சொல்லிவிட்டு, நண்பர்களோடு போய்க் கறிதோசையும் முட்டைக் கலக்கியும் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தைத் தெருக் காவலுக்குக் கப்பமாகக் கட்டுகிறான். குற்றம் நிரூபணமாகிவிட்டது: அவனுக்கு அம்மா சமையல் பிடிக்கவில்லை. வருகிற பெண் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இதுவாகத்தான் இருக்கும். ரிப்போர்ட்டின் ஒன்றரைப் பக்கத்தில் இது இல்லை.

நாய் சாட்சி சொல்லுமா என்று கேட்பவர்கள் சட்டம் படித்தவர்கள். நியாயமான கேள்விதான். அப்துல் ரசாக் முர்தசா தஃபேதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மோப்ப நாய்ச் சாட்சியத்துக்கு உள்ள மறுப்புகளை எடுத்துச் சொல்லியிருக்கிறது: நாய் கூண்டேறிச் சத்தியம் செய்ய முடியாது, அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அதற்குப் பதிலாகப் பராமரிப்பவர் பேசினால் அது கேள்விச் சாட்சியமாகிவிடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிடெக்டிவ் சார் கொண்டுவருவது என்ன? டீ மாஸ்டர் சொன்னது. அவருக்குச் சொன்னது பால்காரர். பால்காரருக்குச் சொன்னது கீழ்வீட்டு அக்கா. நாய்க்கும் நீதிமன்றத்துக்கும் நடுவே ஒரு பராமரிப்பாளர்தான் நிற்கிறார். இங்கே மூன்று பேர் நிற்கிறார்கள், நாலாவதாக இவர். இன்னொரு மறுப்பு, நாய் லஞ்சத்துக்கு மசியும் என்பது. ரிக் வேதத்தில் பணிகள் என்ற கூட்டத்தார் ஒளித்துவைத்த பசுக்களைத் தேடிக் கண்டுபிடித்த இந்திரனின் பெண் நாய் சரமை, ‘பங்கு தருகிறோம், எங்கள் சகோதரியாக இருந்துவிடு’ என்ற பேரத்துக்கு அசையவில்லை. பிற்காலக் கதையொன்றில் அதுவே பாலைக் குடித்துவிட்டு மழுப்பியதாகவும் வருகிறது. அதனால் நாயை யோக்கியசிகாமணி என்று வாதாடமாட்டேன். ஆனால் ஒரு பொறைக்கு விலைபோன நாய் அதை மறைப்பதில்லை; வாலைப் பார்த்தாலே கணக்குத் தெரிந்துவிடும். இரண்டு வீட்டாரிடமும் பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வீட்டாரையும் புகழ்ந்து எழுதும் துப்பறிவாளர் ஒருவர் இருந்தால், அவருக்கு வால் இல்லை என்பது எவ்வளவு பெரிய சிரமம்!

நாட்டு நாய் என்றால் ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ சொல்லியிருக்கலாமே, தெரு நாய்க்கு ஏன் இவ்வளவு என்று கௌரவம் பார்ப்பவர்களும் உண்டு. பக்கத்து விருதுநகர் மாவட்டத்துப் பெருமை அது, மறுக்கவில்லை. 2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே வெளியிட்டார்கள். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னி நாயும் கண்ணால் பார்த்து, காலால் விரட்டிப் பிடிக்கும் வேட்டை ஜாதி. முயல் ஓடினால் பிடிக்கும். ஓடாமல் உட்கார்ந்து ஆறு வருஷமாக எம்.பி.ஏ. படிப்பதாகச் சொல்லும் பையனைப் பிடிக்காது. அதற்குத் தெருவிலேயே பிறந்து, தெருவிலேயே குட்டி போட்டு, வந்தவர் போனவர் எல்லாரையும் மூக்கில் பதிந்துவைத்திருக்கும் பழைய குடிதான் வேண்டும். அரசாங்கமே அதை ஒருவகையில் அங்கீகரித்திருக்கிறது. கருத்தடை செய்த தெரு நாயின் காதோரத்தைக் கத்தரித்து அடையாளம் வைக்கிறார்கள். வீட்டு நாய்க்கு மாநகராட்சியில் உரிமம் வாங்க வேண்டும். செக்யூரிட்டி ஏஜென்சிக்கு 2005ஆம் வருஷச் சட்டப்படி லைசென்ஸ் இருந்தாக வேண்டும். துப்பறியும் ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்த 2007இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. ஆக, அந்தச் சந்தில் வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்குக் காகிதம் உண்டு, படுத்திருக்கும் நாய்க்குக் காதில் முத்திரை உண்டு. ஊரார் குடும்பத்தை நோண்டிப் பார்க்க வந்தவரிடம் மட்டும் விசிட்டிங் கார்டுதான் இருக்கிறது, அதையும் அவரே அடித்துக்கொண்டார்.

அப்படியானால் விசாரிக்கவே வேண்டாமா? மதுரையில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல எவருக்கும் வாய் வராது. ஒரு பொற்கொல்லன் சொன்ன சொல்லை மட்டும் நம்பி, சிலம்பைத் திறந்து பார்க்காமல் பாண்டியன் தீர்ப்பு எழுதியதன் விலை என்னவென்று சிலப்பதிகாரம் படித்த பிள்ளைகளுக்கும் தெரியும். திருவிளையாடல் புராணத்தில் பழியஞ்சின படலத்துப் பாண்டியன் நேர் எதிர். வேடன்மேல் கொலைப்பழி விழுந்தபோது, அவன் மறுத்ததையும் பொருட்படுத்தி, மாறுவேடத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் ஒட்டுக்கேட்டு உண்மையைத் தெரிந்துகொண்டான். கல்யாண வீட்டில் துப்பறிவது இந்த ஊரில் அவ்வளவு பழைய வழக்கம். தமிழ்க் கதைகளும் துப்பறிவாளர்களுக்குக் குறை வைக்கவில்லை: தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குத் தேநீர் இருந்தது, தேவனின் சாம்புவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. நாயை யாரும் கூட அனுப்பியதாக மட்டும் எனக்கு நினைவில்லை. மிஷ்கினின் ‘துப்பறிவாளன்’ (2017) படத்தில் ஒரு சிறுவன் செத்துப்போன தன் நாய்க்கு நியாயம் கேட்டு வந்த பிறகுதான் கதையே சூடு பிடிக்கிறது. அங்கேயும் நாய் வழக்குத்தான், கூட்டாளி இல்லை. டிடெக்டிவ் சாரைத் தொழிலை விட்டுப் போகச் சொல்லவில்லை. லெட்டர்பேடும் பில்லும் அவர் பேரிலேயே இருக்கட்டும், துப்பு மட்டும் தகுதியுள்ளவரிடமிருந்து வரட்டும்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், சொந்தக்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பத்து ரூபாய்க்குப் பொறை வாங்கிக்கொண்டு, பையன் வீட்டுத் தெருவில் ராத்திரி பன்னிரண்டரை வரை நின்று பாருங்கள். கறுப்புக் கண்ணாடி வேண்டாம். இருட்டில் அதுதான் நாயை முதலில் உசுப்பும். ஒருவேளை கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு என்று எதையும் அப்பாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே ராஜாஜி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஊசி அங்கே இலவசம்.